சூடு எங்கே பட்டது?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் உயர்தரத்துக்கு இரசாயனம் படிக்கும் பொடியன் ஒருவன் இருக்கிறான். சித்திரை விடுமுறையில் ஒரு மாலை, லிஃப்ட் பழுதாகி இருவரும் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது போனை நீட்டினான். எங்கோ ஓர் அமெரிக்கப் புல்வெளி. நடுவில் பழைய பிரிட்ஜ். தூரத்திலிருந்து ஒருவர் றைபிளால் சுடுகிறார். பிரிட்ஜ் நின்ற இடத்தில் வெண்புகை எழுகிறது. அதன் கதவு மரங்களுக்கு மேலாகச் சுழன்று போகிறது. "எப்பிடி அங்கிள்?" என்றான்.

"தம்பி, சூடு எங்க பட்டது?" என்று கேட்டேன்.

"வெடிச்சிட்டுதே, பிறகென்ன?"

வெடிக்கும் இலக்கு என்ற இந்தப் பொருளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரு முகாம்களில் நிற்கிறார்கள். ஒரு முகாமுக்கு அது ஆபத்து. தடை செய்தால் கதை முடிந்தது. மறு முகாமுக்கு அது பாதுகாப்பான பொழுதுபோக்கு. தடை கேட்பவர்கள் பயந்தாங்கொள்ளிகள். இரு தரப்பும் பொருளை எடைபோடாமலே தீர்ப்பை எழுதிவிடுகின்றன. எதையும் முதலில் அது தனக்கே வைத்துக்கொண்ட அளவுகோலால் அளப்பதுதான் திறனாய்வில் முறை. இந்தப் பொருளின் உரிமைகோரல்கள் மூன்று: நல்ல இலக்கு, பாதுகாப்பான வெடி, அறிவை வளர்க்கும் சோதனை. மூன்றையும் தனித்தனியே பார்க்கலாம்.

முதலில் பொருள். 1996இல் அமெரிக்கரான டானியல் டானர் உருவாக்கிய டானரைட், இவ்வகையில் பெயர்பெற்றது. இரண்டு தூள்கள் தனித்தனிக் கொள்கலன்களில் விற்கப்படுகின்றன. ஒன்று, அமோனியம் நைத்திரேற்றை முதன்மையாகக் கொண்ட ஒட்சியேற்றி. மற்றது எரிபொருளாகும் உலோகத் தூள். சுடுபவர் களத்தில் வைத்து அவற்றைக் கலக்கிறார். கலந்த பின்னும் கீழே விழுந்தாலோ, சுத்தியல் பட்டாலோ, சிறிய .22 துவக்கின் சன்னம் தைத்தாலோ அது வெடிக்காது. வேகமான றைபிள் சன்னம் வேண்டும். நெடுந்தூரத்தில் சுடுபவர் நடந்துபோய்ப் பார்க்கத் தேவையில்லாமல், பட்டது என்ற செய்தியை ஓசையும் புகையும் கொண்டுவந்து சேர்க்கும். வடிவமைப்பாக இது கெட்டிக்காரத்தனமானது. தேவைப்படும்வரை வெடிபொருளாகவே இராத ஒரு வெடிபொருளைச் செய்தது சாதாரண வேலை அல்ல. அந்தப் புகழை மறுக்க முடியாது.

இனி முதல் உரிமைகோரல். இலக்கின் வேலை என்ன? சுடுபவரைப் பற்றிச் சாட்சி சொல்வது. பாடசாலைக் காலத்தில் கடேற் படையில் சுட்ட நண்பர் ஒருவர் எனக்குத் தந்த பழைய இலக்கு அட்டை ஒன்று மேசை இலாச்சியில் கிடக்கிறது. பத்து மீற்றர் காற்றுத் துவக்குக்கான அட்டை. ஒரு பக்கம் எட்டுச் சென்ரிமீற்றர்தான். அதன் நடுவில் பத்துப் புள்ளி பெறும் இடம் அரை மில்லிமீற்றர் பொட்டு; எறும்பின் தலை அளவுதான். அட்டையில் ஐந்து துளைகள். ஐந்தும் ஒன்றையொன்று தொட்டபடி, ஆனால் மையத்துக்கு இடப்பக்கமாக. நண்பர் அதைப் பார்த்ததும் சொன்னார்: "கை சரி, குறிகாட்டிதான் விலகியிருக்கு." துளைகள் மையத்தைச் சுற்றிச் சிதறியிருந்தால் நோய் வேறு: குறிகாட்டி சரி, கை நடுங்குகிறது. சிதறலும் விலகலும் வெவ்வேறு பிழைகள், மருந்தும் வெவ்வேறு. ஓர் அட்டை இவ்வளவையும் பேசுகிறது. ஆண்டுகள் கழிந்தும் பேசுகிறது.

வெடிக்கும் இலக்கு சொல்வது ஒரே சொல்: பட்டது. நடுவில் பட்டதா, விளிம்பில் பட்டதா, திறமையா, தற்செயலா, எதுவும் அதற்குத் தெரியாது. மேலும், அந்த ஒரு சொல்லைச் சொல்லும் கணத்திலேயே தன்னை அழித்துக்கொள்கிறது. அடுத்த சூட்டோடு ஒப்பிட எதுவும் மிஞ்சுவதில்லை. சுடுபவர் தன் பிழையைத் தேடினால், பிழை இருந்த இடத்தில் ஒரு குழி இருக்கிறது.

உடனடிச் செய்தி வேண்டும் என்ற தேவை நியாயமானது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சூட்டு விளையாட்டு அந்தத் தேவையை வெடிபொருள் இல்லாமலே தீர்த்துவைத்திருக்கிறது. ஒலிம்பிக் ஷொட்கன் போட்டியின் களிமண் தட்டு 110 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 105 கிராம் எடையும் கொண்டது. இறுதிச் சுற்றுக்கான தட்டுகளுக்குள் நிறத்தூள் அடைத்திருப்பார்கள். தட்டு உடைந்ததும் வானத்தில் நிறப்புகை விரியும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். உருக்குத் தகடு மணிபோல் ஒலிக்கும். இன்றைய மின்னணு இலக்கு ஒவ்வொரு சூட்டையும் பத்திலொரு பங்குப் புள்ளிவரை கணித்துத் திரையில் காட்டும். ஓசை, நிறம், எண் மூன்றும் கிடைக்கின்றன. இவற்றில் எதற்கும் வெடி தேவைப்படவில்லை. ஆகவே இலக்கு என்ற அளவில் இது கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பில் வந்த மட்டமான இலக்கு.

இரண்டாவது, பாதுகாப்பு. இங்கேதான் ஆதரவாளர்களின் வாதம் வலுவானது. எனவே இங்கேதான் மிகக் கவனமாக எடைபோட வேண்டும். தூள்கள் தனித்திருக்கும்வரை ஆபத்துக் குறைவு என்பது உண்மை. தற்செயலாக வெடிப்பது அரிது என்பதும் உண்மை. தயாரிப்பாளர்களின் அறிவுரைகளும் தெளிவானவை: அளவைச் சிறிதாக வை, தூரத்தைப் பெரிதாக வை, எதற்குள்ளும் அடைத்து வைக்காதே. இவற்றை வரிக்கு வரி கடைப்பிடிப்பவருக்கு விபத்து நேரும் வாய்ப்புச் சிறிதே.

ஆனால் இந்தப் பாதுகாப்பு போத்தலுக்குள் இருக்கிறதா, அறிவுரைத் தாளில் இருக்கிறதா? கலந்த பிறகு கையில் இருப்பது வெடிபொருள். அதற்குப் பிறகு எல்லாப் பாதுகாப்பும் சுடுபவரின் அடக்கத்தைப் பொறுத்தது. இந்தப் பொருளோ அடக்கத்தைத் தின்று வளர்வது. முதல் நாள் வெடித்த அளவு இரண்டாம் நாள் சலிக்கிறது. சிறு போத்தல் வாளியாகிறது, வாளி பிரிட்ஜுக்குள் போகிறது.

இந்தப் பெருக்கத்துக்கு ஒரு பௌதிகமும் உண்டு. ஒரே அளவு வெடியழுத்தத்தை உணரும் தூரம், வெடிபொருள் திணிவின் கனமூலத்தோடு வளர்கிறது என்று 1915இல் பேட்ரம் ஹொப்கின்சன் காட்டினார். அதாவது திணிவை எட்டு மடங்காக்கினாலும் தூரம் இரு மடங்கானால் போதும். பெருக்குபவருக்கு இது ஆறுதலாகப் படும். நிறையப் போட்டாலும் கொஞ்சம் பின்வாங்கினால் சரி என்று தோன்றும். ஆனால் இந்த விதி காற்றின் அழுத்தத்துக்கு மட்டுமே உரியது. பிரிட்ஜின் கதவுக்கும், பிய்ந்துவரும் உலோகத் துண்டுக்கும் இது பொருந்தாது. 2016இல் ஜோர்ஜியா மாநிலத்தில் புல்வெட்டும் இயந்திரத்துக்குள் இதை வைத்துச் சுட்ட ஒருவர், பறந்துவந்த துண்டால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். வெடியை அடைத்த பாத்திரமே ஆயுதமாகிவிட்டது.

தீ அடுத்தது. 2017 ஏப்ரல் 23 அன்று அரிசோனாவில், பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிப்பதற்காக நீலத்தூள் சேர்த்த வெடிக்கும் இலக்கைச் சுட்டார் ஒருவர். உலர்ந்த புல் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 47,000 ஏக்கர் எரிந்தது. கொழும்பு மாநகரசபை எல்லையைப்போல் ஐந்து மடங்கு நிலம் அது. நட்டஈடாக அவர் கட்டவேண்டிய தொகை 80 இலட்சம் டொலருக்கு மேல். சுட்டவர் எல்லைக் காவல் படையில் பணிபுரிந்தவர்; துவக்குப் பழக்கம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2013இல், அமெரிக்க வனச் சேவை தன் றொக்கி மலைப் பிராந்தியத்தின் காடுகளில் இவ்விலக்குகளைத் தடைசெய்திருந்தது. முந்திய ஆண்டிலிருந்து மேற்கு மாநிலங்களில் மூண்ட குறைந்தது 16 காட்டுத்தீக்களுக்கு இவை காரணம் என்று அப்போது சொன்னது.

நடுநிலை தவறக்கூடாது. உருக்குத் தகடும் முற்றாக நிரபராதி அல்ல. தகட்டில் மோதிச் சிதறும் சில வகைச் சன்னங்களின் சூடான துண்டுகள் உலர்ந்த சருகைப் பற்றவைக்கக்கூடும் என்பதை அதே வனச் சேவையின் ஆய்வாளர்கள் அதே 2013இல் சோதித்துக் காட்டினார்கள். ஆனாலும் வேறுபாடு பெரிது. தகட்டில் தீ என்பது தவிர்க்க முயலும் பக்கவிளைவு. வெடிக்கும் இலக்கில் வெப்பமும் அதிர்ச்சியும்தான் விற்பனைப் பண்டம். எனவே பாதுகாப்பில் இதற்குப் பாதி மதிப்பெண்: கலப்பதற்கு முன் தேறுகிறது, கலந்த பின் பயன்படுத்துபவரின் தயவில் நிற்கிறது.

மூன்றாவது உரிமைகோரல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. காணொளிகளின் தலைப்புகளில் 'சோதனை' என்ற சொல் சர்வசாதாரணம். எவ்வளவு போட்டால் என்ன ஆகும்? காருக்குள் வைத்தால்? தண்ணீர்ப் பீப்பாவுக்குள் வைத்தால்? கேள்விகள் நல்லவை. முறை எங்கே?

எங்கள் பொடியன் ஆய்வுகூடத்தில் நியமிப்புச் செய்கிறான். அளவியில் வாசிப்பை எடுக்கிறான், திரும்பச் செய்கிறான், ஒத்துவராத வாசிப்பையும் எழுதிவைக்கிறான். ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றதை அசையாமல் வை என்பது அவனுக்கு மனப்பாடம். காணொளியில் அளவு, கொள்கலன், தூரம், காலநிலை எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அளக்கும் கருவி எதுவும் இல்லை. தோற்றுப்போன முயற்சி பதிவேறுவதில்லை. காயப்பட்டவர் பெரும்பாலும் பதிவேற்றுவதில்லை. ஆகவே பார்ப்பவனுக்குக் கிடைக்கும் தரவு முழுவதும் தப்பியவர்களின் தரவு. 'எத்தனை பேர் செய்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே' என்ற முடிவு அதிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த முடிவின் விலையை வேதியியல் ஒருமுறை மிகப் பெரிதாகக் கட்டியிருக்கிறது. ஜேர்மனியின் ஒப்பாவ் தொழிற்சாலையில் அமோனியம் நைத்திரேற்றுக் கலந்த உரம் களஞ்சியத்தில் இறுகிப் பாறையாகிவிடும். அதை உடைக்கச் சிறு சிறு டைனமைட் வெடிகளை வைப்பார்கள். இருபதாயிரம் தடவைக்கு மேல் அப்படிச் செய்தும் ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டெம்பர் 21 காலை மறுபடி வைத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இருபதாயிரம் வெற்றிகள் அந்த முறை பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாக நிற்கவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதற்கே சான்றாயின. மீள்செய்கை அளவீட்டோடு சேர்ந்தால்தான் சோதனை. அளவீடு இல்லாத மீள்செய்கை வெறும் பழக்கம்.

முறையோடு செய்தவர்களும் தவறியிருக்கிறார்கள் என்பதை மறைக்கக்கூடாது. 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சிக் குழு 2011 டிசெம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் பொலிஸ் குண்டு செயலிழப்புத் திடலில் பீரங்கி ஒன்றைச் சோதித்தது. நிபுணர்கள் இருந்தார்கள், தண்ணீர்ப் பீப்பாக்கள் இருந்தன, சுவர் இருந்தது. குண்டு பீப்பாக்களைத் தவறவிட்டு, சுவரைத் துளைத்து, மேட்டில் பட்டு எகிறி, ஊருக்குள் ஒரு வீட்டைத் துளைத்துக்கொண்டு போய், வீதிக்கு அப்பால் நின்ற வானில் விழுந்தது. தெய்வாதீனமாக எவருக்கும் காயமில்லை. அவர்களின் பிழை பெரிது. ஆனால் பிழை எது, தடுப்பு எங்கே தவறியது என்று கேட்டுச் சொல்ல அங்கே ஒரு திட்டம் இருந்தது; மீறப்படுவதற்கு ஒரு தரம் இருந்தது. புல்வெளிக் காணொளியில் மீறுவதற்கும் தரம் இல்லை. திடலும் நிபுணரும் இருந்தே அப்படி நடந்தது என்றால், இரண்டும் இல்லாத கொல்லைப்புறத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, கொழும்புக்கு என்ன என்று வாசகர் கேட்கலாம். பொருள் இங்கே கடையில் இல்லைதான். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் இருக்கும் நாட்டில், பொழுதுபோக்குக்காகத் தூள் கலப்பதற்கு இடமே இல்லை. ஆனால் கருத்தளவில் இதன் உறவுக்காரர்கள் இங்கே நெடுநாளாக இருக்கிறார்கள்.

யானை வெடியைப் பாருங்கள். வனசீவராசிகள் திணைக்களம் விவசாயிகளுக்குக் கொடுப்பது. பயிரைக் காக்கும் நோக்கம் நல்லது. முதல் சில இரவுகள் பலனும் தருகிறது. யானை கற்றுக்கொள்ளும் விலங்கு. வெறும் ஓசை என்று தெரிந்ததும் நின்று பார்க்கிறது. பிறகு வெடியின் எண்ணிக்கை கூடுகிறது, கிட்டப் போய் எறிவது கூடுகிறது, விவசாயியின் விரல்கள் போகின்றன, யானையின் சினமும் கூடுகிறது. ஓசையை மட்டும் நம்பும் எந்தக் கருவியும் பெருகியே தீர வேண்டும் என்பதற்குப் புல்வெளி பிரிட்ஜைவிட நம் வயல்வெளி நல்ல சாட்சி.

ஹக்க பட்டாஸ் இன்னும் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். காட்டுப்பன்றிக்கென்று இரைக்குள் ஒளித்துவைக்கும் வெடி, அழுத்தினால் வெடிக்கும். இங்கே இலக்கு விலங்கின் வாய். தாடை சிதைந்த யானை உடனே சாவதில்லை; தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டில் வாய் சிதைந்த கருவுற்ற யானை ஆற்றுநீரில் நின்றபடியே இறந்ததை உலகம் பார்த்தது. இலங்கையில் 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. காரணங்களின் பட்டியலில் ஹக்க பட்டாஸுக்கு நிரந்தர இடம் உண்டு. அமெரிக்கப் புல்வெளியில் அது விளையாட்டு, வன்னியில் அது சித்திரவதை. பொறிமுறையின் தத்துவம் ஒன்றே: போதிய விசை பட்டதும் வெடிப்பது.

இந்த நகரத்துக்கென்று ஒரு செவியும் உண்டு. நம் பேச்சில் பட்டாசும் வெடி, துவக்குச் சூடும் வெடி, குண்டும் வெடி. அதனால்தான் சத்தம் கேட்டதும் 'என்ன வெடி?' என்று கேட்கிறோம். சீன வெடி என்று உறுதியானபின்தான் சோற்றில் மறுபடி கை வைக்கிறோம். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் கேட்டதும், 2019 ஏப்ரல் 21 அன்று கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் கேட்டதும் இந்தச் செவியில் இருக்கின்றன. மறுநாள் அதே கோவிலுக்கு அருகே நின்ற வானிலிருந்த குண்டு, செயலிழக்கச் செய்ய முயன்றபோது வெடித்தது. 2016 ஜூன் 5 அன்று கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது ஊரே இரவோடிரவாக வெளியேறியது. கடைசி இரண்டும் பயிற்சி பெற்றவர்கள், சீருடை அணிந்தவர்கள், விதிப்புத்தகம் உள்ளவர்கள் கையாண்ட வெடிபொருட்கள். வடக்குக்கு யூரியாவும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட காலத்தைக் கண்டவர்களுக்கு, உரமும் வெடியும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்று பாடம் எடுக்கத் தேவையில்லை.

இருந்தாலும் இந்த நினைவுகளை வைத்து மட்டும் பொடியனின் ஆர்வத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது நேர்மையான திறனாய்வு அல்ல. அவனுக்குள் இருப்பது நல்ல கேள்வி: இரண்டு சாதுத் தூள்கள் சேர்ந்தால் ஏன் இவ்வளவு சக்தி? விடை அவன் பாடப்புத்தகத்தில், ஒட்சியேற்றல் தாழ்த்தல் அத்தியாயத்தில் இருக்கிறது. காணொளி அந்தக் கேள்வியைத் தூண்டுகிறது என்பது அதன் ஒரே கல்விச் சாதனை. தூண்டிய உடனேயே புகையால் அதை மூடிவிடுகிறது என்பது அதன் கல்வித் தோல்வி.

என் தீர்ப்பு இது. வெடிக்கும் இலக்கு கருவி என்ற அளவில் தேறுகிறது. பாதுகாப்பில் அரைகுறை, அந்த அரையும் கடன் வாங்கியது. இலக்காகத் தோற்கிறது, ஏனென்றால் தான் காக்க வேண்டிய சான்றைத் தானே அழிக்கிறது. சோதனை என்ற பெயருக்கு அது விண்ணப்பிக்கக்கூடத் தகுதியற்றது. ஆளில்லாத அகன்ற நிலமும், ஈரமான பருவமும், அறிவுரைத் தாளை மதிக்கும் கையும் வாய்த்தவருக்கு அது ஒரு வாணவேடிக்கை. அந்த அளவில் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. அதற்கு மேல் அது கோரும் எந்தப் பட்டத்தையும் கொடுக்க முடியாது. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் அந்த வேடிக்கைக்கும் இடமில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு காணொளியைக் காட்டினால் போனைப் பறிக்காதீர்கள். புகை எழும்பிய இடத்தில் நிறுத்திவைத்து, சூடு எங்கே பட்டது என்று மட்டும் கேளுங்கள்.